பட்டா பார்த்தவரின் பைன் காடு: ஜான் ஹென்றி கர்பி

அமெரிக்காவில் வருமான வரிச் சட்டம் படிப்பவர்களுக்கு ‘கர்பி லம்பர்’ வழக்கு பழக்கமானது. கம்பெனிச் சட்டம் படிப்பவர்களும் அதே கம்பெனியை 1977-ஆம் ஆண்டின் இன்னொரு தீர்ப்பில் சந்திப்பார்கள். அது எந்த மரத்தை அறுத்தது, அதை நிறுவியவர் யார் என்பதெல்லாம் பாடப்புத்தகத்துக்கு வேண்டாத விஷயம். மரம் தீர்ந்து ஆலைகள் மூடிய பிறகும் நீதிமன்ற ஏட்டில் பெயர் நிற்கிறது. நிறுவியவர் ஒரு வக்கீல் என்பதால் இதில் ஒரு பொருத்தமும் இருக்கிறது.

ஜான் ஹென்றி கர்பி 1860 நவம்பர் 16 அன்று கிழக்கு டெக்சஸின் டைலர் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) பிறந்தார். எழுதப் படிக்க அம்மா கற்றுக்கொடுத்தார். ஊர்ப் பள்ளியில் கொஞ்ச காலம், ஜார்ஜ்டவுனில் உள்ள சவுத்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு பருவம், படிப்பு அவ்வளவுதான். பிறகு கவுண்டியின் வரி அலுவலகத்தில் வேலை பார்த்தார். மாநில செனட்டராக இருந்த சாமுவேல் பிரான்சன் கூப்பரின் ஆதரவில் 1882 முதல் 1884 வரை டெக்சஸ் செனட்டில் எழுத்தர். கூப்பரின் அலுவலகத்திலேயே சட்டம் பயின்று 1885-இல் வக்கீலானார். உட்வில் என்ற சிறுநகரில் தொழிலைத் தொடங்கினார்.

இந்த வரிசையில் வாழ்க்கைக் குறிப்பு எழுதுகிறவர்கள் செனட் வேலையைப் பெரிதாகச் சொல்வார்கள். வரி அலுவலகம்தான் முக்கியம் என்பது என் கணிப்பு. எந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது, யார் வரி கட்டுகிறார், எதற்குச் சொந்தக்காரர் ஊரிலேயே இல்லை, எது பாக்கியில் கிடக்கிறது என்பதெல்லாம் வரிப் பதிவேட்டில்தான் இருக்கும். காடு வாங்க வருகிறவனுக்கு மரத்தைப் பற்றிய அறிவுக்கு முன்னால் தேவைப்படுவது அந்தப் பதிவேட்டைப் படிக்கத் தெரிந்த ஆள்.

வில்லங்கம் எங்கிருந்து வந்தது

கிழக்கு டெக்சஸ் நிலத்தின் மூலப்பத்திரங்கள் மூன்று ஆட்சிகளைக் கடந்து வந்தவை: ஸ்பெயின், மெக்சிகோ, 1836-இல் பிறந்த டெக்சஸ் குடியரசு. 1845-இல் அமெரிக்காவோடு இணைந்தபோது டெக்சஸ் தன் பொதுநிலத்தைத் தானே வைத்துக்கொண்டது. அதனால் மற்ற மாநிலங்களில் இருந்ததுபோல மத்திய அரசின் சீரான சதுர அளவை இங்கே இல்லை. குடும்பத் தலைவருக்கு ஒரு லீக், ஒரு லேபர் என்று நிலம் தந்தார்கள். ஒரு லீக் 4,428 ஏக்கர், ஒரு லேபர் 177 ஏக்கர். போரில் பணியாற்றிய சிப்பாய்க்கு மூன்று மாதத்துக்கு 320 ஏக்கர் என்ற கணக்கில் சான்றிதழ் கொடுத்தார்கள். சான்றிதழைக் கைமாற்றலாம். பலர் நிலத்தைக் கண்ணால் பார்க்காமலேயே விற்றார்கள்.

அளந்த விதம் இன்னும் சிக்கல். அலகு ‘வாரா’, அதாவது 33⅓ அங்குலம். சங்கிலி பிடித்து அளந்து, மூலைக்கு அருகில் நிற்கும் மரத்தில் கோடாலியால் அடையாளம் வெட்டி, இன்ன திசையில் இத்தனை வாரா தூரத்தில் இன்ன மரம் என்று எழுதுவார்கள். எல்லையின் சாட்சியே ஒரு மரம். அந்த மரம் புயலில் விழுந்தாலோ, பக்கத்து நிலத்துக்காரன் வெட்டினாலோ எல்லை காற்றில் போய்விடும். மரம் வெட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் வந்த பிறகு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

குடும்பத்துக்குள்ளும் ஓட்டை இருந்தது. ஸ்பானிய மரபின்படி டெக்சஸில் மணவாழ்வில் சேர்ந்த சொத்து கணவன், மனைவி இருவருக்கும் பாதிப்பாதி. மனைவி இறந்ததும் அவள் பாதி பிள்ளைகளுக்குப் போகும். அதன்பின் கணவன் மட்டும் கையெழுத்திட்டு முழு லீக்கையும் விற்றால், வாங்கியவருக்குச் செல்வது பாதிதான். முப்பது ஆண்டு கழித்து அங்கே ரயில் வரப்போகிறது, மரத்துக்கு விலை கூடுகிறது என்றதும் பேரன், பேத்திகள் ஒவ்வொருவராக வந்து நிற்பார்கள். இதற்கு மேல் அனுபவ பாத்தியதை. எழுத்து ஆவணமே இல்லாமல் பத்து ஆண்டு குடியிருந்து உழுதவர் 160 ஏக்கர் வரை கோர முடியும். பாஸ்டனில் உட்கார்ந்திருக்கும் முதலாளி தன் காட்டின் நடுவில் ஒரு குடிசையும் சோளக் கொல்லையும் இருப்பதை எப்படி அறிவார்?

இந்த வழக்குகளில் டெக்சஸ் சட்டத்தின் ஒரு விதி வக்கீல்களுக்குப் பாலபாடம்: நிலம் கேட்டு வழக்குப் போடுகிறவர் தன் பத்திரத்தின் பலத்தில்தான் ஜெயிக்க வேண்டும், எதிராளியின் பத்திரம் பலவீனமானது என்று காட்டினால் போதாது. ஆகவே மூல மானியத்திலிருந்து இன்றுவரை ஒரு கண்ணியும் அறாமல் சங்கிலியைக் காட்ட வேண்டும். அறுந்த இடத்தில் வாரிசைத் தேடிப்பிடித்து, சிறு தொகை கொடுத்து விடுதலைப் பத்திரம் வாங்க வேண்டும். உள்ளூர்க்காரருக்கு இது சுலபம். யார் பெண் யாருக்கு வாழ்க்கைப்பட்டாள், யார் லூசியானாவுக்குக் குடிபெயர்ந்தார் என்பது அவருக்குத் தெரியும்.

கிழக்குக் கரை முதலாளிகள் சிலர் இப்படிப்பட்ட சிக்கலில் மாட்டியிருந்தபோது கர்பி அவர்களுக்காக வாதாடி வழியைச் சரிசெய்தார். அவர்கள் பணத்தில் உருவான டெக்சஸ் அண்ட் லூசியானா லேண்ட் அண்ட் லம்பர், டெக்சஸ் பைன் லேண்ட் அசோசியேஷன் ஆகிய இரண்டுக்கும் அவரே பொது மேலாளரானார். வக்கீல் கட்டணம் வாங்கிய இடத்திலிருந்து முதலாளியின் மேசைக்கு மாறிய இடம் இதுதான். 1890-இல் ஹூஸ்டனுக்குப் போய் அங்கும் வக்கீல் தொழிலைத் தொடர்ந்தார்.

மரம் இருந்தது, வழி இல்லை

அந்தக் காட்டில் நின்றது நீண்ட ஊசியிலைப் பைன், லாங்லீஃப் என்பார்கள். வைரம் பாய்ந்த நடுக்கட்டை நிறையப் பிசின் கொண்டது. கனம், உறுதி, கரையான் எளிதில் தொடாது. அந்தக் கனமே சிக்கல். ரயிலுக்கு முன் தடிகளை நீச்சஸ், சபீன் ஆறுகளில் மிதக்கவிட்டு பியூமாண்ட், ஆரஞ்சு ஊர்களின் ஆலைகளுக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளம் வரும் மாதத்தில்தான் மிதக்கும். பாரமான தடிகள் வழியிலேயே மூழ்கிவிடும். ஆற்றிலிருந்து சில மைலுக்கு அப்பால் நிற்கும் மரத்தை எருதுகள் இழுத்து வருவதற்கே செலவு மீறிவிடும். ஆகவே ஆற்றங்கரைக் காடு விலைபோனது, உள்காடு சும்மா கிடந்தது.

கர்பியின் விடை, கல்ஃப், பியூமாண்ட் அண்ட் கான்சாஸ் சிட்டி ரயில்வே. பெயரில் கான்சாஸ் சிட்டி இருந்தாலும் பாதை அங்கே போகவில்லை. அந்தக் காலத்து ரயில்வேக்கள் பங்கு விற்பதற்காகத் தூர நகரத்தின் பெயரை ஒட்டிக்கொள்வது வழக்கம். 1893-இல் உரிமம் பெற்று, பியூமாண்டிலிருந்து வடக்கே ஜாஸ்பர் கவுண்டியின் ரோகன்வில் வரை சுமார் 63 மைல் போட்டார்கள். அதே 1893-இல் அமெரிக்காவில் பெரும் நிதி நெருக்கடி வந்தது. பல ரயில்வேக்கள் திவாலாகிக்கொண்டிருந்த வேளையில் ஒரு காட்டுப் பாதைக்குப் பணம் திரட்டுவது எளிதாக இருந்திருக்காது.

ஒரு மைல் பாதைக்கு என்ன வேண்டும்? ஸ்லீப்பர் கட்டையை 2 அடிக்கு ஒன்றாக வைத்தால் மைலுக்கு 2,640 கட்டை. கெஜத்துக்கு 56 பவுண்டு எடையுள்ள தண்டவாளம் என்று வைத்தால் மைலுக்கு 88 டன் இரும்பு. 63 மைலுக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டை ஆகிறது. கட்டையும் பாலத்துக்கான மரமும் வழியிலேயே கிடைக்கும், விலைக்கு வாங்க வேண்டியது இரும்பும் இன்ஜினும். மரக்காட்டுக்குள் போடும் ரயில் பாதி தன்னைத்தானே கட்டிக்கொள்கிறது என்று சொல்லலாம். கிழக்கு டெக்சஸ் பெரும்பாலும் சமதளம் என்பதால் வெட்டுப்பள்ளமும் குறைவு. சதுப்பும் ஓடையும்தான் தொல்லை. அங்கே மண்கரை எழுப்புவதற்குப் பதில் பைன் தூண்களை அடித்திறக்கி மேலே பாலம் போடுவார்கள்.

ஊர்ப் பெயர்களைப் பார்த்தாலே பணம் வந்த வழி தெரிகிறது. சில்ஸ்பி என்ற ஊர், ரயில்வேக்குப் பணம் போட்ட பாஸ்டன்காரர் நத்தேனியல் சில்ஸ்பியின் பெயர். பிரவுண்டெல், பால்டிமோர் நிதியாளர் ஜான் பிரவுனும் அவர் மனைவி டெல்லும் சேர்ந்த பெயர். பிரான்சன், தொழில் கற்றுக்கொடுத்த கூப்பருக்கு நன்றி. பெஸ்மே, கர்பியின் மகள் பெஸ்ஸி மே. கர்பிவில் யாருடையது என்று கேட்க வேண்டாம்.

1900-இல் கர்பி இந்தப் பாதையை சான்டா ஃபே ரயில்வேக்கு விற்றார். அந்தப் பணத்தில் ஆலைகளும் காடும் வாங்கினார். இந்த வாங்குபவரின் பெயரை நினைவில் வையுங்கள்.

ரயிலை விற்ற மரக்காரர் ரயிலை விட்டுவிட முடியாது. ஆலைக்குள் தடி கொண்டுவர ‘டிராம்’ எனப்படும் தற்காலிகப் பாதைகள் வேண்டும். தடித்த கட்டையில் மெல்லிய தண்டவாளம், மரம் தீர்ந்ததும் பிடுங்கி அடுத்த பகுதியில் போடுவது. இதில் ஒரு சட்ட நுணுக்கமும் பணமும் கலந்திருந்தன. தன் டிராம் பாதையைப் பொதுப் போக்குவரத்து ரயில்வேயாகத் தனிக் கம்பெனி ஆக்கிக்கொண்டால், பெரிய ரயில்வே வாங்கும் முழுச் சரக்குக் கட்டணத்தில் ஒரு பங்கு கேட்கலாம். பெரிய ரயில்வேக்குச் சரக்கு வேண்டும், ஆகவே கொடுக்கும். போட்டி ஆலைக்காரரின் கண்ணில் இது மறைமுகச் சலுகை. ரயில்வேக்களைக் கண்காணித்த மாநிலங்களிடை வணிக ஆணையம் 1912-இல் இவற்றில் பலவற்றை ஆலையின் உள்பகுதிதான், ரயில்வே அல்ல என்றது. உச்ச நீதிமன்றம் 1914-இல் அதை மாற்றி, யாருக்கும் சரக்கு ஏற்றும் கடமையுள்ள பாதை ரயில்வேதான் என்று தீர்ப்பளித்தது. இதற்கு முன் 1906-இல் வந்த ஹெப்பர்ன் சட்டம் ரயில்வேக்கள் தங்கள் சொந்தப் பொருளை ஏற்றக்கூடாது என்றபோதும் மரத்தையும் மரப்பொருளையும் மட்டும் விலக்கியது. நிலக்கரிக்காரருக்குக் கிடைக்காத வாசல் மரக்காரருக்குத் திறந்தே இருந்தது.

ஒரு நிலம், மூன்று சொத்து

1901 ஜனவரி 10 அன்று பியூமாண்டுக்கு அருகே ஸ்பிண்டில்டாப் கிணற்றில் எண்ணெய் பீறிட்டது. அந்த வட்டாரத்தில் காடு வைத்திருந்த எவருக்கும் அடுத்த கேள்வி ஒன்றுதான்: நம் மரத்தடியில் என்ன இருக்கிறது?

அந்த ஆண்டே இரண்டு கம்பெனிகள் பிறந்தன. நியூயார்க் வக்கீல் பேட்ரிக் கால்ஹூனோடு சேர்ந்து கர்பி அமைத்த ஹூஸ்டன் ஆயில் கம்பெனிக்கு 3 கோடி டாலர் மூலதனம், கர்பி லம்பர் கம்பெனிக்கு 1 கோடி டாலர். நிலமும் அடியிலுள்ள எண்ணெயும் ஆயில் கம்பெனிக்கு. நிற்கும் மரம் லம்பர் கம்பெனிக்கு, ஆனால் இலவசமாக அல்ல. இன்ன அளவு மரம் இன்ன விலைக்கு, ஆண்டுக்கு இரு தவணை கட்டி வெட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தம். அந்தத் தவணை வரவை ஈடாகக் காட்டி பால்டிமோரின் மேரிலேண்ட் டிரஸ்ட் மூலம் சான்றிதழ்கள் விற்கப்பட்டன.

காகிதத்தில் இது அழகான வேலை. எண்ணெய் நம்பிக்கையில் பணம் போடுபவர் ஒரு கம்பெனியின் பங்கை வாங்குவார், மர வியாபாரத்தில் நம்பிக்கை உள்ளவர் இன்னொன்றின் பங்கை, நிலையான வட்டி வேண்டுமென்பவர் சான்றிதழை. ஒரே ஏக்கர், மூன்று வகைச் சந்தை. வில்லங்கம் பார்த்துப் பழகிய வக்கீல்தான் ஒரு துண்டு நிலத்தை இப்படிப் பிரித்துப் பார்ப்பார்.

உடைந்தது எங்கே? தவணை நிலையானது, மர விலை நிலையானதல்ல. விலை இறங்கினாலும் தவணை நாளில் பணம் வந்தாக வேண்டும். ஆகவே இறங்கும் சந்தையில் இன்னும் அதிகமாக அறுக்க வேண்டும். எல்லா ஆலைக்காரரும் அதையே செய்ய, விலை இன்னும் இறங்கும். நின்ற மரம் காசு கேட்காது என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். கேட்கும். ஆயிரம் போர்டு அடி நிற்கும் மரத்துக்கு 3 டாலர் கொடுத்து 6 சதவீத வட்டிக் கடனில் வாங்கினால், கூட்டுவட்டியில் 12 ஆண்டில் அதன் அடக்கம் 6 டாலர். மேலே சொத்து வரி, காட்டுத்தீ, புயல், வண்டு. மரம் வளரும் வேகம் வட்டி வளரும் வேகத்துக்கு ஈடாகாது. அமெரிக்கத் தெற்கு முழுவதும் மரத்தைச் சீக்கிரம் வெட்டித் தீர்த்துவிட்டு நகர்ந்துபோன கம்பெனிகளின் பேராசையைப் பற்றி எழுதுகிறவர்கள், இந்த வட்டிக் கணக்கையும் சேர்த்து எழுத வேண்டும்.

எதிர்பார்த்த வேகத்தில் எண்ணெயும் வரவில்லை. கர்பியும் கால்ஹூனும் பகைத்துக்கொண்டார்கள். 1904-இல் இரண்டு கம்பெனிகளும் நீதிமன்ற ரிசீவர் கைக்குப் போயின. ரிசீவர் என்றால் திவால் விற்பனை அல்ல. நீதிமன்றம் நியமித்தவர் தொழிலை ஓட்டிக்கொண்டே கடன்காரர்களின் உரிமையைக் காப்பார். ஆலைகள் ஓடின. சில ஆண்டு வழக்குக்குப் பின் ஒப்பந்தம் திருத்தப்பட்டு, கர்பி மீண்டும் தன் நாற்காலியில் அமர்ந்தார்.

ஆலைக்குள்

உச்சத்தில் கர்பி லம்பர் 3 லட்சம் ஏக்கருக்கு மேல் பைன் காட்டையும் 13 ஆலைகளையும் வைத்திருந்தது. பத்திரிகைகள் அவரைப் பைன் காட்டு இளவரசர் என்றன.

அமெரிக்க மரக்கணக்கு போர்டு அடியில். ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரங்குலக் கனம். நம் மரவாடிகளில் சொல்லும் ஒரு கன அடி 12 போர்டு அடி. விலை ஆயிரம் போர்டு அடிக்குச் சொல்வார்கள், அதாவது சுமார் 83 கன அடி. நாளுக்கு 1 லட்சம் போர்டு அடி அறுக்கும் ஆலை, ஏக்கருக்கு 10,000 கிடைக்கும் நல்ல காட்டில் நாளொன்றுக்கு 10 ஏக்கரை விழுங்கும். ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 3,000 ஏக்கர். இந்தக் கணக்கை வைத்துத்தான் ஒவ்வொரு ஆலைக்கும் எத்தனை ஆண்டு ஆயுள் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தது. ஆலைக் குடியிருப்புகளைச் செங்கல்லில் கட்டாமல் பலகையில் கட்டியதற்குக் காரணமும் அதுவே.

இருவர் இழுக்கும் நீளரம்பத்தால் மரத்தைச் சாய்ப்பார்கள். டிராம் பாதையில் நிற்கும் நீராவிச் சுழற்றி, இரும்புவடத்தால் தடிகளைப் பல நூறு அடி தூரத்திலிருந்து இழுத்துச் சேர்க்கும். எருதைவிட வேகம், ஆள் குறைவு. ஆனால் தரையோடு இழுபட்டுவரும் தடி வழியில் நிற்கும் இளமரம் அனைத்தையும் முறித்துவிடும். எருது இழுத்த காட்டில் சின்ன மரமாவது மிஞ்சும், நீராவி இழுத்த காட்டில் அதுவும் இல்லை.

ஆலை வாசலில் குளம். தடியை நீரில் போடுவது சேறு கழுவ மட்டுமல்ல. வெப்பமான ஊரில் தரையில் கிடக்கும் பைன் சில வாரத்தில் நீலம் பாயும், வண்டு துளைக்கும். நீரில் ஆழ்ந்த மரம் அப்படிக் கெடாது. பிறகு வாள். பழைய வட்டவாள் ஒவ்வொரு வெட்டிலும் 5/16 அங்குலத்தைத் தூளாக்கும். ஓரங்குலப் பலகைக்கு அது கிட்டத்தட்ட 24 சதவீத இழப்பு. பட்டைவாள் என்னும் நீள நாடா வாளின் வெட்டு 1/8 அங்குலம், இழப்பு 11 சதவீதம். அதே காட்டிலிருந்து எட்டில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல் பலகை. ஆனால் பட்டைவாளைத் தீட்டி, இழுவிசை சரிபார்க்கத் தேர்ந்த ஆள் வேண்டும். இழுவிசை பிசகினால் வாள் நெளிந்து பலகை தடிமன் மாறும், முற்றினால் அறுந்து பறக்கும்.

அறுத்த பலகையைச் சூளையில் உலர்த்துவது விரிசலையும் வளைவையும் தவிர்க்க என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் முதலாளிக்கு இன்னொரு காரணம் முந்தியது. ரயில் கட்டணம் எடைக்கு. பச்சைப் பைன் ஆயிரம் போர்டு அடி 4,000 பவுண்டுக்கு மேல் நிற்கும். உலர்த்தி இழைத்தால் 3,000-ஐ ஒட்டி வரும். சிகாகோவுக்குத் தண்ணீரையும் இழைசுருளையும் கட்டணம் கட்டி அனுப்ப யார் சம்மதிப்பார்? அவசரமாகச் சூட்டைக் கூட்டினால் பலகையின் மேற்பரப்பு முதலில் காய்ந்து இறுகி, உள்ளே ஈரம் மாட்டி, பின்னால் நடுவில் தேன்கூடுபோல் பிளக்கும். நல்ல சூளைக்காரர் முதலில் நீராவி விட்டு மெதுவாகத்தான் ஏற்றுவார்.

மரத் தொழிலாளர் பக்கம் வந்தால் படம் மாறுகிறது. பத்து, பதினொரு மணி நேர வேலைநாள். சம்பளத்துக்கு முன்பணம் கேட்டால் காசாக அல்ல, கம்பெனிக் கடையில் மட்டும் செல்லும் சீட்டாகத் தருவது அந்த வட்டாரத்து வழக்கம். வீடு, கடை, வைத்தியர் எல்லாம் கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போகும். 1910 டிசம்பரில் லூசியானாவின் கார்சன் என்ற ஊரில் மரத்தொழிலாளர் சகோதர சங்கம் தொடங்கியது. கறுப்பினத்தவரையும் சேர்த்துக்கொண்டது அக்காலத் தெற்கில் துணிச்சலான காரியம். முதலாளிகளின் தென்பகுதி மர ஆலைக்காரர் சங்கம் ஆலைகளை மூடியது, சங்கத்தில் சேரமாட்டேன் என்று கையெழுத்திட்டால்தான் வேலை என்றது. அந்த எதிர்ப்பின் முன்னணிக் குரல்களில் ஒன்று கர்பியுடையது. 1912 ஜூலை 7 அன்று லூசியானாவின் கிராபோவில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. சங்கத்தார் 58 பேர் மீது வழக்கு. நவம்பரில் ஜூரி விடுதலை செய்தது. வழக்கில் ஜெயித்தாலும், வழக்குச் செலவும் வேலைமறுப்புப் பட்டியலும் சங்கத்தின் முதுகெலும்பை முறித்தன. தன் ஊர்மக்களுக்குத் தேவாலயமும் பள்ளியும் கட்ட உதவி, ‘நம்ம ஆள்’ என்று பெயர் வாங்கிய கர்பிக்கு, அதே மக்கள் கூட்டாகக் கூலி கேட்பது துரோகமாகப் பட்டது. தகப்பன்போல் கொடுப்பவர்கள் பேரம் பேசப்படுவதை விரும்புவதில்லை.

பத்திரம் கடித்த இடம்

1923 ஜூலையில் கர்பி லம்பர் 1,21,26,800 டாலர் முகமதிப்புள்ள கடன்பத்திரங்களை வெளியிட்டது. அதே ஆண்டின் பிற்பகுதியில் அவற்றில் சிலவற்றைச் சந்தையில் முகமதிப்பைவிடக் குறைந்த விலைக்குத் திரும்ப வாங்கிவிட்டது. மிச்சமான தொகை 1,37,521 டாலர் 30 சென்ட். வரித்துறை இதை வருமானம் என்றது. கம்பெனி, நாங்கள் எதையும் விற்கவில்லை, கடனைத்தான் குறைத்தோம் என்றது. 1931-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஹோம்ஸ் ஒன்றிரண்டு பக்கத் தீர்ப்பில் அரசின் பக்கம் நின்றார்: கடன் அழிந்ததால் அதற்கு ஈடாக முடங்கியிருந்த சொத்து கம்பெனிக்கு விடுபட்டது, ஆகவே அது வருமானம்.

சின்னக் கணக்கு. 100 ரூபாய் கடன் வாங்கும்போது யாரும் வரி கட்டுவதில்லை, காரணம் திருப்பித்தர வேண்டிய பொறுப்பும் கூடவே வருகிறது. 90 ரூபாயில் கடன் தீர்ந்துவிட்டால் மீதி 10 ரூபாய்க்கு அந்தப் பொறுப்பு இல்லை. அப்போது அது கையில் நின்றுபோன பணம். இன்றும் அமெரிக்காவில் வங்கி ஒருவரின் கடனைத் தள்ளுபடி செய்தால், அவருக்கு அந்தத் தொகைக்கு வருமானச் சீட்டு வருவதன் வேர் இந்த மரக் கம்பெனி வழக்கில் இருக்கிறது. திவாலானவருக்கு விலக்கு உண்டு.

விலக்கு தேவைப்படும் நிலை கர்பிக்கே வந்தது. 1929-க்குப் பின் கட்டடத் தொழில் படுத்தது, மரம் கேட்பாரில்லை. மற்றவர்களின் கடனுக்கும் கையெழுத்துப் போட்டு வைத்திருந்த கர்பி 1933-இல் தனிப்பட்ட முறையில் திவாலானார். அதற்குப் பிறகும் ஓயவில்லை. பொருளாதார மந்தத்தைச் சமாளிக்க அதிபர் ரூஸ்வெல்ட் கொண்டுவந்த ‘நியூ டீல்’ என்ற புதிய ஒப்பந்தத் திட்டங்களை எதிர்த்து, அரசியல் சாசனத்தைக் காக்கும் தென்பகுதிக் குழு ஒன்றை அமைத்துப் பேசிவந்தார். 1940 நவம்பர் 9 அன்று ஹூஸ்டனில் இறந்தார்.

வெட்டிய காட்டில் லாங்லீஃப் தானாக மீளவில்லை. அதன் நாற்று முதல் சில ஆண்டு புல்போலத் தரையோடு கிடக்கும். அந்தக் காலத்தில் வேரைத்தான் வளர்க்கும். அவ்வப்போது தரையோடு ஓடும் தீ சுற்றியுள்ள செடிகளை எரித்தால்தான் அதற்கு வெளிச்சம். தீயை அடக்கினார்கள், அவிழ்த்துவிட்ட பன்றிகள் நாற்றின் வேரைத் தோண்டித் தின்றன, விதை போடத் தாய்மரமும் மிஞ்சவில்லை. அந்த இடத்தை வேகமாக வளரும் லாப்லாலி பைன் பிடித்தது. டைலர் கவுண்டியில் 1929-இல் கர்பி கொடுத்த 600 ஏக்கர் இன்று அவர் பெயரில் மாநிலக் காடாக இருக்கிறது.

கம்பெனி யாருக்குப் போயிற்று? 1936-இல் கர்பி லம்பரின் 60 சதவீதப் பங்கை வாங்கியது சான்டா ஃபே. 1900-இல் அவருடைய ரயில் பாதையை வாங்கிய அதே சான்டா ஃபே. மெதுவாகச் சேர்த்து 95 சதவீதம் ஆக்கியது. 1974-இல் டெலவேர் மாநிலச் சட்டத்தின் குறுக்குவழி இணைப்பைப் பயன்படுத்தி, மீதிச் சிறுபங்குதாரர்களின் சம்மதம் கேட்காமலேயே பங்குக்கு 150 டாலர் கொடுத்து வெளியேற்றியது. முதலீட்டு வங்கி மதிப்பிட்டது 125 டாலர்தான் என்றார்கள். ஆனால் காடு, நிலம், எண்ணெய் எல்லாம் சேர்ந்த சொத்தின் மதிப்பு 32 கோடி டாலர், எங்கள் பங்கு ஒன்றுக்குக் குறைந்தது 772 டாலர் தேற வேண்டும் என்று சிறுபங்குதாரர்கள் வழக்குப் போட்டார்கள். 1977-இல் உச்ச நீதிமன்றம், விவரங்கள் எல்லாம் வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருப்பதால் இது பங்குச்சந்தை மோசடிச் சட்டத்தின் கீழ் வராது, விலை போதவில்லை என்றால் டெலவேர் நீதிமன்றத்தில் மதிப்பீடு கேளுங்கள் என்று சொல்லி சான்டா ஃபே பக்கம் தீர்ப்பளித்தது.